கண்டன்சரில் கல் அடிக்கும் முன்: திருநெல்வேலிப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் சித்திரையில் தென்காசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆலங்குளம் தாண்டியதும் முன்னால் ஒரு டிப்பர் லாரி, நிறைய ஜல்லி, மேலே தார்ப்பாய் இல்லை. பம்பருக்குள் எங்கேயோ ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். கண்ணாடியில் கீறல் இல்லை, பெயிண்டும் போகவில்லை. அத்தோடு அதை மறந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து ஏசியில் வெறும் காற்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வீண் செலவு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் “கேஸ் குறைஞ்சிருக்கு” என்று சொல்லி 1,500 ரூபாய்க்கு கேஸ் ஏற்றினார்கள். பத்து நாள் தாங்கியது. மறுபடியும் 1,500. அதுவும் போனது. மூன்றாவதாக ஒரு ஏசி மெக்கானிக் டார்ச் அடித்துக் கீழ் கிரில் வழியாகப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, கண்டன்சர்ல கல்லு அடிச்சிருக்கு, எண்ணெய் கசிஞ்சு தூசி ஒட்டிக் கிடக்கு பாருங்க” என்றார். கண்டன்சர் (காரின் முன்பக்கம் இருக்கும் ஏசிப் பாகம்) 6,800, கேஸும் ஆயிலும் ஓ-ரிங்கும் 1,800, கூலி 1,800. முதலில் வீணாய்ப் போன 3,000-ஐயும் சேர்த்தால் 13,400 ரூபாய். பிறகு கல் உள்ளே போகாதபடி அதே காரின் கிரில்லுக்குப் பின்னால் கம்பி வலை போட எனக்கு ஆன மொத்தச் செலவு 1,420 ரூபாய்.

புதிதாகக் கார் வாங்கியவர்களும், வெளியூரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தவர்களும் இந்தச் சுற்றுக்குள் மாட்டக்கூடாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் காரின் வாயைப் பாருங்கள்

காரின் முன்னால் குனிந்து, நம்பர் பிளேட்டுக்குக் கீழே பம்பரில் இருக்கும் அகலமான திறப்பைப் பாருங்கள். டார்ச் அடித்தால் உள்ளே வெள்ளித் தகடு மாதிரித் தெரிவது கண்டன்சர். ஏசி கேஸைக் குளிரவைப்பது அது. அதற்குப் பின்னால், ஒட்டினாற்போல் நிற்பது எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டர். வருகிற கல்லை முதலில் வாங்குவது கண்டன்சர்தான்.

அதில் குறுக்கே ஓடும் தட்டைக் குழாய்கள் அலுமினியம். அவற்றின் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ஏசி ஓடும்போது இந்தக் குழாய்க்குள் 200 பிஎஸ்ஐ-யை ஒட்டிய அழுத்தம் நிற்கிறது. ஊசிமுனை அளவு ஓட்டை போதும்.

கிரில் கட்டங்களுக்குள் உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தால் அரை ஜல்லியும் நுழையும். சில கார்களில் மேல் கிரில் வெறும் அலங்காரத்துக்கு, பின்னால் மூடியே இருக்கும். காற்று முழுக்கக் கீழ்த் திறப்பு வழியாகத்தான் போகும். அப்படியானால் கீழே மட்டும் வலை போட்டால் போதும்.

2. ஏற்கெனவே அடி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்

வலை போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். கண்டன்சரில் குழாய்களுக்கு நடுவே நெளிநெளியாக மெல்லிய தகடுகள் இருக்கும், ஃபின் என்பார்கள். ஃபின் மடங்கியிருந்தால் பயமில்லை. அதற்கென்று இருக்கும் சீப்பால் நிமிர்த்திவிடலாம். குழாயில் பள்ளம் விழுந்து, அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசையோடு அழுக்கு அப்பியிருந்தால் அது கசிவு. கேஸோடு கலந்து ஓடும் ஆயில்தான் அப்படி வெளியே வருகிறது.

கேஸ் குறைந்தது தெரிந்தால் ஏசியைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸருக்கு மசகு கொண்டுபோவது அந்த கேஸோடு சுற்றும் ஆயில்தான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் தேயும். கம்ப்ரஸர் விலை கண்டன்சரைப் போலப் பல மடங்கு.

கல் ரேடியேட்டர் வரைக்கும் போய்விட்டால் நிலைமை வேறு. எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்ட் சொட்டும், எஞ்சின் சூடாகும். இப்போது வரும் பல சின்னக் கார்களில் வெப்பம் காட்டும் ஊசியே கிடையாது. சூடு மீறிய பிறகு எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். “நாங்குநேரிக்கு இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே, போய்ச் சேர்ந்துடலாம்” என்று ஓட்டினால் எஞ்சினுக்குள் கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் தொடாதீர்கள், கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்.

வழியில் யாராவது ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போடச் சொல்வார்கள். பழைய லாரிக்காரர்களின் கைமருத்துவம் அது. இன்றைய ரேடியேட்டரின் குழாய்கள் மிகக் குறுகலானவை, பொடி ஓட்டையோடு சேர்த்து அவற்றையும் அடைத்துவிடும். வேண்டாம்.

3. ஸ்பேனர் படும் முன் போட்டோ எடுங்கள்

என் தவறே இங்கேதான். கண்டன்சரை மாற்றி, பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தபின்தான் இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. பார்வையிடுவதற்கு முன்பே பாகம் மாற்றப்பட்டுவிட்டது, பழைய பாகமும் இல்லை என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள்.

கல் அடித்து உடைவது விபத்துச் சேதம். உங்களிடம் முழு இன்சூரன்ஸ் இருந்தால் அது க்ளெய்முக்கு உரியது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிடையாது. கார் கம்பெனியின் வாரண்டியில் கல்லடி வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நம்பர் பிளேட் தெரியும்படி முன்பக்கம் ஒரு போட்டோ, அடிபட்ட இடத்தைக் கிட்டத்திலிருந்து இரண்டு, கிலோமீட்டர் ரீடிங் ஒன்று. தேதி, நேரம், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆப் வழியாகவோ போனிலோ சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். ஆர்சி, ஓட்டுநர் உரிமம், பாலிசி, ஒர்க்‌ஷாப் தரும் எஸ்டிமேட் நான்கும் கையில் இருக்கட்டும். நீங்களே பணம் கட்டிப் பிறகு வாங்குவதானால் ரத்து செய்த காசோலையும் பான் எண்ணும் கேட்பார்கள். பழைய பாகத்தை வேலை முடிந்து க்ளெய்ம் பணம் வரும்வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை போகும் வழியில் என் மைத்துனர் காருக்கு இதே மாதிரி அடி விழுந்து, கண்டன்சர், ரேடியேட்டர் இரண்டும் போயின. நான் பட்ட பாட்டைக் கேட்டிருந்ததால் அவர் அன்று மாலையே தகவல் சொல்லிவிட்டார். மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்தார். எஃப்ஐஆர் கேட்கவில்லை. பாகம் வந்து சேர்ந்து வண்டி கைக்கு வர ஒன்பது நாள் ஆனது.

4. க்ளெய்ம் போடுவது லாபமா என்று கணக்குப் போடுங்கள்

தகவல் சொல்வது வேறு, பணம் கேட்பது வேறு. சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போட்டு நஷ்டப்படுகிறவர்கள் நிறையப் பேர். இதை யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்வதில்லை, அதனால் என் கணக்கையே வைத்துச் சொல்கிறேன்.

என் காருக்கு ஐந்தாவது வருடம் நடந்தது. உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள்: முதல் ஆறு மாதம் இல்லை, ஒரு வருடம் வரை 5 சதவீதம், இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40. பிளாஸ்டிக், ரப்பருக்கு எப்போதும் 50. ஆக 6,800 ரூபாய் கண்டன்சருக்கு 35 சதவீதம் போக 4,420. கூலி 1,800-ஐச் சேர்த்தால் 6,220. 1500 சிசி-க்குள் இருக்கும் காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் உள்ள காருக்கு 2,000. என் கணக்கில் மிச்சம் 5,220. கேஸ், ஆயில், கூலண்ட் எல்லாம் நுகர்பொருள். அதற்கென்று பாலிசியோடு கூடுதலாக வாங்கும் தனி ஆட்-ஆன் இல்லாவிட்டால் கிடைக்காது.

இப்போது மறுபக்கம். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். நான் அடுத்த புதுப்பித்தலில் 50 சதவீதத்தைத் தொட வேண்டியவன். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்தால் முதல் வருடம் 3,000 போகும். அப்புறம் 1,800, 1,500, 900, 300. ஐந்து வருடத்தில் 7,500. வண்டியின் மதிப்புக் குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் கொஞ்சம் கம்மியாக வரலாம். அப்படியும் 5,220-க்காக அதை இழப்பது புத்தியில்லை.

ரேடியேட்டரும் சேர்ந்து போயிருந்தால், அல்லது தேய்மானம் கழிக்காத பாலிசி, போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இரண்டும் இருந்தால் தயங்காமல் போடுங்கள். மைத்துனர் கார் இரண்டு வயதுக்குள் இருந்தது, தேய்மானம் கழிக்காத பாலிசி. போனஸ் பாதுகாப்பு இல்லை. ஆனால் புதுக் கார் என்பதால் அவருக்குப் போக இருந்தது 20 சதவீதப் படிதான்.

5. மாற்றும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்

ஓட்டையைப் பசை போட்டு அடைக்கிறோம், வெல்டிங் வைக்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த அழுத்தத்துக்கு நிற்காது. கண்டன்சர் மாற்றத்தான் வேண்டும்.

கேஸ் ஏற்றுவதற்கு முன் நைட்ரஜன் அடித்து லீக் பார்க்கச் சொல்லுங்கள். டிரையரையும் மாற்றச் சொல்லுங்கள். குழாய் திறந்து கிடந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போயிருக்கும், அதை உறிஞ்சுவது டிரையர்தான். என் காரில் அது கண்டன்சரோடு சேர்ந்தே வந்தது. மூன்றாவது, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுக்கும் வேக்கம் குறைந்தது அரை மணி நேரம் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் பம்ப்பைக் கழற்றினால் “இன்னும் கொஞ்சம் ஓடட்டும்” என்று தைரியமாகச் சொல்லுங்கள். நான்காவது, கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானட்டுக்குள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், எந்த கேஸ் என்பதும் அதிலேயே இருக்கும். சில்லென்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்து ஏற்றுவது சரியான அளவு ஆகாது.

பம்பரைக் கழற்றுகிற அன்றைக்கே வலையையும் போட்டுவிடுங்கள். கழற்றி மாட்டும் கூலி ஒன்றே போதும்.

6. வலை வாங்குவது

நான் முதலில் போட்டது கொசு வலை. “நெருக்கமா இருந்தா நல்லதுதானே” என்று பட்டது. ஒரே வாரத்தில் தூசியும் பூச்சியும் அடைத்து, வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது ஃபேன் ஓயாமல் ஓடியது, ஏசி குளிர்ச்சியும் குறைந்தது. பிய்த்து எறிந்தேன்.

நம் பக்கத்து ரோட்டில் பறப்பது என்ன என்று யோசியுங்கள். முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர், அரை ஜல்லி 12, கால் ஜல்லி 6. எம் சாண்ட் 4.75 மில்லிமீட்டருக்கும் கீழே; எடை கம்மி, குழாயைத் துளைக்கிற அளவுக்கு வலு இருக்காது. ஆகவே கால் ஜல்லியைத் தடுத்தால் போதும். கண் அளவு 5 முதல் 6 மில்லிமீட்டர், கம்பித் தடிமன் 1 மில்லிமீட்டர் உள்ள வலையைக் கேளுங்கள். 6 மில்லிமீட்டர் கண்ணில் 1 மில்லிமீட்டர் கம்பி என்றால் நூற்றுக்கு 73 பங்கு திறந்தே இருக்கும்.

எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) என்று கேட்டு வாங்குங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை விலை குறைவு. ஆனால் திருச்செந்தூர், உவரி, கூடங்குளம் என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அதை வாங்கினால் துரு ஏறி நிற்கும். மெல்லிய அலுமினிய அலங்கார வலை ஒரே கல்லில் கிழியும். கோழி வலையின் கண் பெரிது.

வாங்குவதற்கு முன் திறப்பை நியூஸ்பேப்பரில் அச்சு எடுத்துக்கொண்டு போங்கள், ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் கூட வைத்து. ஜங்ஷன் பக்கம் ஹார்டுவேர் கடையில் சதுர அடி 90 ரூபாய்க்கு ஆறு சதுர அடி வாங்கினேன், 540 ஆனது. கேபிள் டை 80. பம்பர் கழற்றி மாட்டக் கூலி 800. கடைக்காரரே வெட்டிக் கொடுத்தார்.

காரின் வெளியே பெரிய இரும்புச் சட்டம் வைத்தால் கல் அடிக்காது என்று சில கடைகளில் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த மாதிரி புல் பார், கிராஷ் கார்டு பொருத்துவது சட்டவிரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நாம் போடுவது கிரில்லுக்கு உட்பக்கம், வெளியே நீட்டாத வலை.

7. பொருத்துவது

வலை கிரில்லின் பின்புறத்தில் கட்டப்பட வேண்டும், கண்டன்சரின் மேல் அல்ல. இந்த ஒரு வரியை மெக்கானிக்கிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். கண்டன்சரோடு ஒட்டி வைத்தால் வண்டி அதிர அதிர வலைக் கம்பியே குழாயை அராவிவிடும். கல் அடித்து வலை உள்வாங்கினாலும் இடிக்காதபடி இரண்டு இஞ்ச் இடைவெளியாவது இருக்கட்டும். ஃபின் வழியாக டை கோத்துக் கட்டுவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்.

வெட்டிய ஓரங்களை மடித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் போகும் ஒயரை அறுக்கும். டை கறுப்பு நிறத்தில், வெயில் தாங்குவதாக இருக்கட்டும். வெள்ளை டை நம் வெயிலுக்கு ஒரு வருடத்தில் நொறுங்கும். பம்பரில் துளை போட வேண்டியதில்லை, கிரில் கட்டங்களிலேயே கட்டலாம்.

வெளிவெப்பம் அளக்கும் சென்சார் பம்பருக்குள் தொங்கும், அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும் வசதி உள்ள கார் என்றால் கூடுதல் கவனம்: ரேடார் லோகோவுக்குப் பின்னாலோ கீழ் கிரில்லிலோ இருக்கும். அதற்கு முன்னால் உலோக வலை வந்தால் அது குருடாகிவிடும். அந்த இடத்தை வெட்டி விட்டுவிடுங்கள். கிரில்லுக்குள் தானே திறந்து மூடும் பலகைகள் உள்ள காராக இருந்தால், அவை அசைவதை வலை தடுக்கவே கூடாது.

மாட்டி முடித்ததும் கண்டன்சரின் இரண்டு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளும் அடித்தட்டின் கிளிப்புகளும் திரும்பிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல இடங்களில் அவற்றை வேண்டாத சாமானாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் கழன்றுவிடும்.

8. மத்தியானம் ஓட்டிப் பாருங்கள்

வலை போடுவதற்கு முதல் நாளும் மறுநாளும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் ஓட்டுங்கள். நான் மத்தியானம் ஒரு மணிக்கு, ஏசி போட்டு, நான்குவழிச் சாலையில் வள்ளியூர் வரை போய்த் திரும்பினேன். வந்ததும் எஞ்சினை அணைக்காமல் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தேன். காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகினால் கூலண்ட் வெப்பம் போனிலேயே தெரியும். எனக்கு இரண்டு நாளும் 90-க்கும் 100-க்கும் நடுவிலேயே நின்றது. உங்களுக்கு ஐந்து டிகிரிக்கு மேல் கூடினால் வலை நெருக்கம் அதிகம் என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. குற்றாலச் சாரல் நேரத்தில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

9. சுத்தம் செய்வது

மாதம் ஒரு முறை கிரில் வழியாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டாலே போதும். மழை விட்ட ராத்திரியில் ஈசல் கூட்டத்துக்குள் ஓட்டியிருந்தாலும், அறுப்பு நேரத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் வைக்கோல் தூசிக்குள் போய் வந்திருந்தாலும் மறுநாளே கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டத்தில் கொண்டுபோனால் ஃபின் எல்லாம் படுத்துவிடும். தள்ளி நின்று நேராக அடிக்கச் சொல்லுங்கள்.

10. ரோட்டில்

கல் எவ்வளவு வேகமாக மோதுகிறதோ, அடி அதன் வர்க்கத்தில் கூடும். 60-ல் வாங்கும் அடியைவிட 100-ல் வாங்குவது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. எந்த வலையும் இதற்கு முழுப் பதில் இல்லை. டிப்பருக்குப் பின்னால் மூன்று வினாடி இடைவெளி விடுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 67 மீட்டர். லாரியின் இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருப்பது தெரிந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். அது கழன்றால் நேரே பின்னால்தான் பறக்கும்.

கேரளாவுக்கு ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிப் போகும் தென்காசி–புளியரை வழியிலும், ராதாபுரம் பக்கத்துக் குவாரி ரோடுகளிலும், புதிதாகச் சிப்ஸ் எனும் பொடி ஜல்லி தூவித் தார் போட்ட எந்த ரோட்டிலும் 40-க்கு மேல் போகாதீர்கள். சிதறிக் கிடக்கும் சிப்ஸ் ரோட்டோடு ஒட்ட ஓரிரு வாரம் ஆகும், அதுவரை மாற்று வழி இருந்தால் சுற்றிப் போவது மேல்.

காரை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் “கிரில்லின் பின்னால் எஸ்எஸ் வலை உள்ளது, கழற்ற வேண்டாம்” என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒரு தடவை கழற்றி டிக்கியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், இரண்டு வாரம் நான் அதைக் கவனிக்கவேயில்லை. வண்டி கைக்கு வந்ததும் குனிந்து ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.